பிரிட்டனுக்கு ஏன் நாலு கால்பந்து அணி? அந்தப் பழைய கோப்பைக்கு என்ன ஆனது?

கேள்வி இதுதான்: ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஒரே நாடாகப் போகிறது. கால்பந்து உலகக் கோப்பையில் மட்டும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நாலாக நிற்கிறதே, ஏன்? இந்த நாலு பேருக்குள் ஏதோ ஒரு பழைய போட்டி இருந்ததாமே, அது ஏன் நின்றது, திரும்ப வருமா?

முதல் கேள்விக்கான பதில் அந்தப் பழைய போட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் பிரிட்டிஷ் ஹோம் சாம்பியன்ஷிப். 1884 முதல் 1984 வரை, இரண்டு உலகப் போர்க்காலங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், வருடா வருடம் நடந்தது. நாடுகளுக்கிடையே நடந்த முதல் கால்பந்துத் தொடர் இதுதான். உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபா பிறந்தது 1904-இல், முதல் உலகக் கோப்பை 1930-இல். இவர்கள் புள்ளிப் பட்டியல் போட ஆரம்பித்தபோது மற்ற நாடுகளில் பாதிக்குக் கால்பந்து போய்ச் சேரவே இல்லை.

இதன் ஆரம்பம் ஒரு வரப்புத் தகராறு. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் எப்படி உள்ளே எறிவது என்பதில் பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கே ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் ஒரு கையால் வீசுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய்த்தான் எறிய வேண்டும் என்பார்கள். 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் ஒரு கிரிக்கெட் கிளப்பின் மைதானத்தில் இரு நாடுகளும் முதல் சர்வதேச ஆட்டம் ஆடின. சுமார் 4,000 பேர் பார்த்தார்கள், ஒரு கோல்கூட விழவில்லை. அதற்குப் பிறகு வருடந்தோறும் மோதினார்கள், வருடந்தோறும் யார் ஊர் விதி என்ற பேச்சும் வந்தது.

கடைசியில் 1882 டிசம்பரில் நாலு நாட்டுக் கால்பந்துச் சங்கங்களும் மான்செஸ்டரில் உட்கார்ந்து பொது விதியை முடிவு செய்தன. இரண்டு கை த்ரோ-இன் வென்றது. இன்றைக்கு உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஒரு பையன் இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து பந்தை எறிகிறான் என்றால் அன்றைக்கு ஸ்காட்லாந்து பிடித்த பிடிவாதம்தான் காரணம். விதி ஒன்றானதும் முறையாக மோதிப் பார்க்கலாம் என்றாயிற்று. 1884 ஜனவரி 26, பெல்ஃபாஸ்ட், அயர்லாந்துக்கு (அன்று அது இன்னும் இரண்டாகப் பிரியவில்லை) எதிராக ஸ்காட்லாந்து 5-0. தொடரின் முதல் ஆட்டம் அது. அந்த ஆண்டு மூன்று ஆட்டத்தையும் வென்று ஸ்காட்லாந்தே பட்டத்தை எடுத்துக்கொண்டது.

1886-இல் அதே நாலு சங்கங்கள் சேர்ந்து விதிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தரக் குழு அமைத்தன. ஆஃப்சைடு, பெனால்டி, இப்போதைய வீடியோ நடுவர் என எல்லாவற்றுக்கும் இன்றும் முத்திரை குத்துவது அந்தக் குழுதான். பெனால்டி யோசனையே அயர்லாந்துச் சங்கம் கொண்டுவந்தது, 1891-இல் விதியானது. ஃபிஃபா 1913-இல்தான் அந்தக் குழுவுக்குள் வந்தது. இன்றைக்கு மொத்தம் எட்டு ஓட்டு. ஃபிஃபாவுக்கு நாலு, பிரிட்டன் சங்கங்களுக்குத் தலைக்கு ஒன்று. ஆறு ஓட்டு விழுந்தால்தான் விதி மாறும். ஆக, நாலு அணி ஏன் என்றால், ஃபிஃபா என்ற வீடு கட்டப்படுவதற்கு முன்பே இவர்கள் நாலு பேரும் தனித்தனிப் பட்டாவோடு அங்கே குடியிருந்தார்கள். பின்னால் வந்தவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒலிம்பிக்குக்கு அப்படி ஒரு முன்கதை இல்லை.

சரி, தொடருக்கு வருவோம். ஆட்டமுறை எளிது. ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடு ஒரு முறை மோதும், மொத்தம் ஆறு ஆட்டம். வெற்றிக்கு இரண்டு புள்ளி, டிராவுக்கு ஒன்று. புள்ளி சமமானால் பட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். கோல் வித்தியாசம் பார்ப்பதெல்லாம் 1970-களின் கடைசியில் வந்த பழக்கம். கோப்பை என்று கையில் தூக்க ஒன்று கிடைத்ததே 1935-இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவை ஒட்டித்தான். அதுவரை ஐம்பது வருடம் வெறும் புள்ளிப் பட்டியலுக்காகவே ஆடினார்கள்.

மொத்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பகிர்ந்ததையும் சேர்த்து இங்கிலாந்து 54 முறை, ஸ்காட்லாந்து 41, வேல்ஸ் 12, அயர்லாந்து 8. இதைப் பார்த்தாலே விஷயம் புரியும். பெயருக்குத்தான் நாலு பேர் போட்டி. ஆறு ஆட்டத்தில் ஊரே கூடுகிற ஆட்டம் ஒன்று, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது. மற்ற ஐந்தும் அதற்குத் துணை. இந்தத் தொடரைக் கடைசியில் கொன்றதும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்பத்தில் இங்கிலாந்து மற்ற இருவரையும் எப்படி நடத்தியது என்பதற்கு ஒரு வேடிக்கையான ஆதாரம் உண்டு. 1890, 1891, 1892 என்று மூன்று வருடம் தொடர்ந்து இங்கிலாந்து ஒரே நாளில் இரண்டு சர்வதேச ஆட்டம் ஆடியது. ஒரு பதினொரு பேர் வேல்ஸோடு, இன்னொரு பதினொரு பேர் அயர்லாந்தோடு. இரண்டுமே ‘இங்கிலாந்து’தான். ஆறு ஆட்டத்தையும் வென்றது என்பது வயிற்றெரிச்சலைக் கூட்டுகிற தகவல். அதற்கு முன்பே, 1882-இல் அயர்லாந்து ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்தில் இங்கிலாந்து 13-0 என்று வைத்து அனுப்பியிருந்தது. இன்றுவரை இங்கிலாந்தின் மிகப் பெரிய வெற்றி அதுதான்.

ஸ்காட்லாந்து மட்டும் வேறு ரகம். இங்கிலாந்து வீரர்கள் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு தனியாளாக முட்டி மோதி முன்னேறிய காலத்தில், உடம்பில் சிறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கடத்தி ஆடக் கற்றிருந்தார்கள். பாஸ் கொடுத்து ஆடும் ஆட்டத்தின் பெரும்பகுதி அவர்கள் சொத்து.

அந்த ஒரு ஆட்டத்துக்கு என்ன மவுசு என்பதற்கு ஒரு எண் போதும். 1937 ஏப்ரல் 17, கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க், அதிகாரபூர்வக் கணக்கு 1,49,415 பேர். ஐரோப்பாவில் ஒரு சர்வதேச ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தில் இதை இன்னும் யாரும் தாண்டவில்லை. ஸ்காட்லாந்து 3-1 என்று வென்றது.

கூட்டம் என்றதும் ஒரு கருப்பு நாளையும் சொல்லியாக வேண்டும். 1902 ஏப்ரல் 5, அதே இரு அணிகள், அதே கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானம். ரசிகர்கள் நிற்க மரத்தால் கட்டிய புதிய மேடை. முந்தின இரவு நல்ல மழை. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நின்றுகொண்டிருந்தவர்களின் காலுக்குக் கீழே பலகை முறிந்து ஓட்டை விழுந்தது, நூற்றுக்கணக்கானோர் சுமார் 40 அடி ஆழத்துக்குச் சரிந்தார்கள். 25 பேர் செத்தார்கள், 500-க்கும் மேல் காயம். கலவரமாகிவிடக் கூடாது என்று ஆட்டத்தை மறுபடி தொடங்கி முடித்தார்கள் என்பதுதான் இன்றைக்குப் படிக்கும்போது நம்ப முடியாத பகுதி. 1-1 என்ற அந்த முடிவு பிறகு செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, பர்மிங்காமில் மறு ஆட்டம் நடந்தது. அதற்கப்புறம் மைதானங்களில் மண் மேடு கொட்டி அதன் மேல் படி அமைக்கும் வழக்கம் பரவியது.

ஸ்காட்லாந்து ரசிகன் லண்டன் போவது ஒரு தனிக் கதை. வெம்ப்ளியில் ஆட்டம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஊர் திரும்பியதுமே அடுத்த பயணத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவார்கள். தொழிற்சாலையிலும் மதுக்கடையிலும் இதற்கென்று சேமிப்புக் குழுக்கள் இருந்தன. நம்ம ஊர் தீபாவளிச் சீட்டு மாதிரி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, இரண்டு வருடம் கழித்து ரயிலேறுவார்கள். 1928-இல் அப்படிப் போனவர்களுக்குப் பெரிய நம்பிக்கையெல்லாம் இல்லை. அந்த சீசனில் இரு அணிகளுமே மோசம், பட்டத்தை வேல்ஸ் தட்டிக்கொண்டு போயிருந்தது. கடைசி இடம் யாருக்கு என்பதுதான் கேள்வி. ஸ்காட்லாந்தின் முன்வரிசை ஐந்து பேரில் ஒருவர்கூட ஐந்தடி ஏழு அங்குலத்தைத் தாண்டவில்லை. மழையில் ஊறிய தரையில் அந்தக் குள்ளர்கள் 5-1 என்று இங்கிலாந்தைப் பிய்த்து எடுத்தார்கள். அலெக்ஸ் ஜாக்சன் மூன்று, அலெக்ஸ் ஜேம்ஸ் இரண்டு. ‘வெம்ப்ளி மந்திரவாதிகள்’ என்று இன்றும் அவர்களுக்குப் பெயர். அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுத்தது இங்கிலாந்து கிளப்புகள்!

வேல்ஸின் பாடு இன்னும் பரிதாபம். வேல்ஸ் வீரர்களில் பெரும்பாலோருக்குப் பிழைப்பு இங்கிலாந்து லீக்கில். சர்வதேச ஆட்டம் சனிக்கிழமை, லீக் ஆட்டமும் சனிக்கிழமை. கிளப் விடாது. 1930 அக்டோபரில் ஸ்காட்லாந்தோடு ஆட இப்படி ஆளே கிடைக்காமல், கேப்டன் ஃப்ரெட் கீனரின் தலைமையில் கிடைத்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஐப்ராக்ஸுக்குப் போனார்கள். கீனரும் பேர் தெரியாத பத்துப் பேரும் என்று பத்திரிகைகள் எழுதின. எத்தனை கோல் வாங்குவார்கள் என்பதே பேச்சு. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்திலேயே வேல்ஸ் முதல் கோலை அடித்தது. கடைசியில் 1-1. வெற்றி இல்லை. ஆனால் வேல்ஸ்காரர்கள் அதை இன்றும் பேசுகிறார்கள்.

அதற்குப் பத்து வருடம் முந்தைய பில்லி மெரடித் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். வாயில் பல்குச்சியைக் கடித்துக்கொண்டே ஆடுகிற மனிதர். தன் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரம், வேல்ஸுக்கு 48 ஆட்டம். ஆனால் இங்கிலாந்தை மட்டும் அதுவரை ஒரு தடவைகூட வென்றதில்லை. 1920 மார்ச்சில் லண்டன் ஹைபரியில் வேல்ஸ் 2-1 என்று இங்கிலாந்தை வென்றது, 38 வருடத்தில் முதல் முறை. அப்போது மெரடித்துக்கு வயது 45. அதுதான் அவருடைய கடைசி சர்வதேச ஆட்டமும்.

அயர்லாந்து விஷயத்தில் அரசியல் புகுந்தது. 1914-இல் ஒன்றுபட்ட அயர்லாந்து முதல் முறையாகத் தனித்துப் பட்டம் வென்றது, இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 3-0 என்று அடித்து. சில ஆண்டுகளில் நாடே இரண்டாகப் பிரிந்தது. கால்பந்துச் சங்கமும் பெல்ஃபாஸ்ட், டப்ளின் என்று இரண்டானது. இரண்டு சங்கமும் ‘அயர்லாந்து’ என்ற பெயரில்தான் அணி இறக்கின. 1950 வரை ஒரே வீரர் இரண்டு அணிக்கும் ஆடிய கூத்தும் நடந்தது. இனி யாரும் வெறும் அயர்லாந்து என்று பெயர் வைக்கக் கூடாது என்று 1950-களில் ஃபிஃபா சொன்ன பிறகும், இந்தத் தொடரில் மட்டும் பெல்ஃபாஸ்ட் அணி பழைய பெயரை விடாமல் வைத்திருந்தது. டப்ளின் அணி இந்தத் தொடருக்குள் வரவே இல்லை.

நாலு சங்கங்களுக்கும் ஃபிஃபாவோடு முதலிலிருந்தே ஒட்டவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு பழைய எதிரி நாடுகளோடு ஆட மாட்டோம் என்று ஒரு தடவை விலகினார்கள். அமெச்சூர் வீரர்களுக்கு இழந்த சம்பளத்தை ஈடுகட்டலாமா என்ற சண்டையில் 1928-இல் மறுபடி விலகி, 1946-இல்தான் திரும்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மூன்று உலகக் கோப்பையிலும் அவர்கள் இல்லை. ஏன் போக வேண்டும்? உலக சாம்பியன் யார் என்பது ஏப்ரல் மாதம் ஹாம்டனிலோ வெம்ப்ளியிலோ தெரிந்துவிடும் என்பது அவர்கள் நினைப்பு.

அந்தத் திமிருக்கு 1950-இல் விலை கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்களை மகிழ்விக்க ஃபிஃபா ஒரு பெரிய சலுகை தந்தது: 1949-50 ஹோம் சாம்பியன்ஷிப்பையே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு இடக்காரர்களும் பிரேசிலுக்கு வரலாம். ஸ்காட்லாந்துச் சங்கம் என்ன சொன்னது தெரியுமா? நாங்கள் சாம்பியன் ஆனால்தான் வருவோம், இரண்டாவதாக வந்தால் வர மாட்டோம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மற்ற இருவரையும் வென்றுவிட்டு, கடைசி ஆட்டத்துக்கு ஹாம்டனில் இறங்கின. டிரா ஆனால்கூடப் பட்டம் பங்கு, ஸ்காட்லாந்து கப்பல் ஏறலாம். இங்கிலாந்தின் ராய் பென்ட்லி ஒரு கோல் அடித்தார். ஸ்காட்லாந்தின் வில்லி பால்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. 1-0. ஸ்காட்லாந்து கேப்டன் ஜார்ஜ் யங் சங்கத்திடம் கெஞ்சிப் பார்த்தார், இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட்டும் வந்துவிடுங்கள் என்றார். சங்கம் அசையவில்லை. தனியாகப் போன இங்கிலாந்து அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்றது வேறு விஷயம்.

அதே உலகக் கோப்பைக்குத் தகுதி இருந்தும் போகாத இன்னொரு நாடு இந்தியா. வெறுங்காலோடு ஆட விடவில்லை என்று நம் ஊரில் சொல்லப்படும் கதையைவிட, நம் சங்கம் அன்று ஒலிம்பிக்கையே பெரிதாக நினைத்தது, உலகக் கோப்பையை மதிக்கவில்லை என்பதுதான் நம்பும்படி இருக்கிறது. கிளாஸ்கோவுக்கும் கல்கத்தாவுக்கும் ஒரே வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த எட்டு வருடத்தில் படம் தலைகீழானது. 1958 உலகக் கோப்பைக்கு நாலு அணிகளும் தகுதி பெற்றன, வரலாற்றிலேயே அந்த ஒரு தடவைதான். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் காலிறுதிக்கு முன்பே வெளியேறின. துணை நடிகர்களான வேல்ஸும் வட அயர்லாந்தும் காலிறுதி ஆடின. வேல்ஸை வீழ்த்தியது பதினேழு வயதுப் பெலேயின் கோல்.

1967 ஏப்ரல் 15-ஐ விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரோடு இதைப் பேச முடியாது. முந்தின வருடம் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து, தோல்வியே அறியாமல் வந்து வெம்ப்ளியில் நின்றது. ஸ்காட்லாந்து 3-2 என்று வென்றது. ஸ்கோரைவிட ஒரு காட்சிதான் நிலைத்தது. ஜிம் பாக்ஸ்டர் இடது ஓரத்தில் நின்றுகொண்டு, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைக் கீழே விழ விடாமல் காலாலும் முழங்காலாலும் தட்டித் தட்டி நடந்துபோகிறார். எதிரே உலக சாம்பியன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். வீடியோ இன்றும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். இங்கிலாந்து ரசிகர்கள் காயத்தைச் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு: மாற்று வீரர் இறக்க முடியாத காலம், தடுப்பு வீரரான ஜாக் சார்ல்டன் நொண்டிக்கொண்டே முன்வரிசையில் ஆடினார். ஆனாலும் அன்றிலிருந்து நாங்கள்தான் உலக சாம்பியன் என்று ஸ்காட்லாந்தில் சொல்லிக்கொண்டார்கள். அந்த சீசனும் அடுத்ததும் சேர்த்து 1968 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது போனதென்னவோ இங்கிலாந்துதான்.

அப்புறம் சரிவு. 1969 முதல் ஆறு ஆட்டத்தையும் சீசன் முடிவில் ஒரே வாரத்துக்குள் அடைத்தார்கள். தொலைக்காட்சிக்கு வசதி, களைத்துப்போன வீரர்களுக்கு இல்லை. வட அயர்லாந்துக் கலவரத்தால் பெல்ஃபாஸ்ட் ஆட்டங்கள் சில வருடம் கிளாஸ்கோவுக்கும் லிவர்பூலுக்கும் மாறின. 1981 மே மாதம் சிறையில் உண்ணாவிரதமிருந்த பாபி சாண்ட்ஸ் இறந்ததும் இங்கிலாந்தும் வேல்ஸும் பெல்ஃபாஸ்ட் போக மறுத்தன. அந்த வருடத் தொடர் பாதியில் நின்றது, சாம்பியன் கிடையாது.

1977-இல் வெம்ப்ளியில் ஸ்காட்லாந்து 2-1 என்று வென்றதும் ரசிகர்கள் தரையில் இறங்கினார்கள். கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார, குறுக்குக் கம்பம் நடுவில் முறிந்தது. புல்லைச் சதுரம் சதுரமாகப் பெயர்த்து ஊருக்குக் கொண்டுபோய் வீட்டுத் தோட்டத்தில் நட்டவர்களும் உண்டு. தொடர் நின்றதற்கு இந்த ரவுடித்தனம்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அரைக் காரணமாகத்தான் படுகிறது. 1983-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இனி இந்தத் தொடர் வேண்டாம் என்று அறிவித்தன. விலகிய பிறகு இருவரும் என்ன செய்தார்கள்? தங்கள் இருவருக்குள் ரவுஸ் கோப்பை என்று ஒன்றை வைத்துக்கொண்டு 1989 வரை வருடா வருடம் மோதினார்கள், 1987 முதல் தென் அமெரிக்க அணி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ரவுடித்தனம் வரும் ஆட்டத்தை வைத்துக்கொண்டார்கள், காசு வராத ஆட்டங்களைக் கழற்றிவிட்டார்கள். சிறிய சங்கங்களுக்கோ அந்த வருமானம்தான் வருடச் செலவில் பெரும்பங்கு.

வலிமை இல்லாத அணிகள் என்று சொல்லவும் வழியில்லை. கழற்றிவிடப்பட்ட வட அயர்லாந்து 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினை அதன் மண்ணிலேயே வென்றது, அடுத்து மேற்கு ஜெர்மனியை பெல்ஃபாஸ்ட்டிலும் ஹாம்பர்க்கிலும் தோற்கடித்தது.

கடைசித் தொடர், 1983-84. யாரும் எழுதிவைத்தாலும் இப்படி அமையாது. வட அயர்லாந்து ஸ்காட்லாந்தை 2-0 என்று வென்றது, இங்கிலாந்திடம் 0-1 என்று தோற்றது. ரெக்ஸ்ஹாமில் மார்க் ஹியூஸ் என்ற இளைஞர் தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் போட, வேல்ஸ் 1-0 என்று இங்கிலாந்தை வென்றது. ஸ்வான்ஸியில் வென்றிருந்தால் வேல்ஸ் முன்னால் போயிருக்கும், வட அயர்லாந்து 1-1 என்று பிடித்து நிறுத்தியது. மிச்சம் ஒரு ஆட்டம், மே 26, ஹாம்டன், ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும். வென்றவருக்குப் பட்டம். மார்க் மக்கீ ஸ்காட்லாந்துக்கு, டோனி வுட்காக் இங்கிலாந்துக்கு, 1-1. நாலு அணிக்கும் ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. நாலுக்கும் மூன்று புள்ளி. 1956-இல் இதே மாதிரி ஆனபோது நாலு பேரும் பட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இந்த முறை கோல் வித்தியாசம் பார்த்தார்கள்: வட அயர்லாந்து +1, வேல்ஸும் இங்கிலாந்தும் 0, ஸ்காட்லாந்து -1.

திரும்ப வருமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. 2011-இல் டப்ளினில் இங்கிலாந்து இல்லாமல் ஒரு தொடர் நடத்திப் பார்த்தார்கள், அயர்லாந்துக் குடியரசு வென்றது. வேல்ஸும் வட அயர்லாந்தும் மோதிய ஆட்டத்துக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. ஒரு தடவையோடு மூட்டை கட்டிவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மட்டும் அவ்வப்போது ஏதாவது ஆண்டுவிழாவைச் சாக்காக வைத்து ஆடுகின்றன. 2023-இல் முதல் ஆட்டத்தின் 150-ஆம் ஆண்டுக்காக ஹாம்டனில் ஆடியபோது இடமே இல்லை. அந்த வெள்ளிவிழாக் கோப்பையோ 1984-இல் வென்ற பெல்ஃபாஸ்ட் சங்கத்திடமே இருக்கிறது. அடுத்து யாரிடம் கொடுப்பது?